அணையா விளக்கும் அணையா அடுப்பும்

நுழையும்முன்

ஒளியை அறிவுக்கும் நம்பிக்கைக்கும் அடையாளமாகக் கொள்வது உலக வழக்கு. அவ்வடையாளத்தை அன்றாட ஒழுக்கமாக மாற்றிக் காட்டியவர் சிலரே. அவர்களுள் தலையாயவர் திருவருட்பிரகாச வள்ளலார் எனப் போற்றப்படும் இராமலிங்க அடிகளார். வடலூர் மண்ணில் அவர் இரண்டு சுடர்களை ஏற்றினார். ஒன்று தருமச்சாலையின் அடுப்பில் எரிவது. மற்றொன்று ஞானசபையின் விளக்கில் ஒளிர்வது. அடுப்பு முதலில் மூட்டப்பட்டது. விளக்கு பின்னரே ஏற்றப்பட்டது. இந்த வரிசையின் பொருளை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

செம்மண் நிலமும் ஒளியும்

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலை பண்ருட்டியைக் கடந்ததும் செம்மண் நிலத்திற்குள் நுழைகிறது. இருபுறமும் முந்திரித் தோப்புகள்; இடையிடையே பலா மரங்கள். அவ்வழியில் உள்ள ஊர் காடாம்புலியூர். அதனைத் தாண்டினால் நெய்வேலி; நெய்வேலியை அடுத்து வடலூர். தைப்பூச நாளில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வடலூரை நோக்கிச் செல்வோர்க்கு இதுவே வழி.

இந்நிலத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி புதைந்து கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கதிரவனின் ஒளியை உண்டு வளர்ந்த காடுகள் மண்ணுள் அமிழ்ந்து நிலக்கரியாக மாறின. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்கம் முதலியாரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீரோடு கருநிறப் பொருள் வெளிப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1962-இல் அங்கு மின்னுற்பத்தி தொடங்கியது. பல சிற்றூர்கள் தம் வீடுகளையும் வயல்களையும் விட்டுக் கொடுத்தமையால் பிறந்த ஒளி அது. எந்த ஒளியும் எவரோ ஒருவரின் ஈகையால் எரிகிறது என்பதற்கு இந்நிலமே சான்று.

மின்விளக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதே வட்டாரத்தில் வேறோர் ஒளி ஏற்றப்பட்டது. அதனை ஏற்றியவரின் வரலாறு இனி.

மருதூரில் தோன்றிய மழலை

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள சிற்றூர் மருதூர். அவ்வூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் பிள்ளையாக 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் ஊர்க் கணக்கராகவும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியராகவும் விளங்கியவர். சபாபதி, பரசுராமன் என இரு தமையன்மாரும், சுந்தரம்மாள், உண்ணாமுலை என இரு தமக்கையரும் அவருக்கு இருந்தனர்.

குழந்தை பிறந்த ஐந்தாம் திங்களில் பெற்றோர் தில்லைக்குச் சென்றனர். சிதம்பர இரகசியம் என வழங்கும் இடத்தில் திரை விலக்கப்பட்டபோது, அங்கு உருவம் ஏதும் இன்றி வெளியே தோன்றியது. தாயின் கையிலிருந்த குழந்தை அது கண்டு வாய்விட்டுச் சிரித்தது என்பர். பிற்காலத்தில் அடிகளார் தம் பாடலிலும் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்துள்ளார். திரை விலகுதலும் உள்ளிருப்பது தோன்றுதலும் அவர் வாழ்வின் இறுதிவரை தொடர்ந்த கருத்துகளாகும்.

இராமலிங்கர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையார் காலமானார். சின்னம்மையார் பிள்ளைகளுடன் தம் பிறந்தகமான பொன்னேரியை அடுத்த சின்னகாவணத்தில் சில காலம் தங்கினார். பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மூத்தவராகிய சபாபதி புராணச் சொற்பொழிவு ஆற்றிக் குடும்பத்தைக் காத்தார். ஏழுகிணறுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் அக்குடும்பம் வாழ்ந்தது.

மாடி அறையில் ஒரு விளக்கு

தம்பியைக் கற்றவனாக்க வேண்டும் என்பது சபாபதியின் விருப்பம். முதலில் தாமே பாடம் சொன்னார். பின்னர்த் தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். இராமலிங்கரின் உள்ளமோ ஏட்டுக் கல்வியில் படியவில்லை. அவர் கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாடுவதிலேயே பொழுதைக் கழித்தார். சினமுற்ற தமையனார், படிக்காத தம்பிக்கு வீட்டில் சோறிடலாகாது என்று கட்டளையிட்டார்.

அண்ணியார் பாப்பாத்தி அம்மாளின் மனம் அதற்கு இசையவில்லை. கணவர் அறியாவண்ணம் பின்கட்டு வழியே இராமலிங்கரை அழைத்து உணவிட்டு வந்தார். தந்தையாரின் நினைவு நாள் ஒன்றில் வீட்டில் உறவினர் பலரும் உண்டனர். அன்றும் மறைவாக வந்து உண்ட இளையவரைக் கண்டு அண்ணியார் கண்ணீர் வடித்தார். தமையன் சொற்படி படித்தால் இந்நிலை நேராதே என்று வருந்தினார். அக்கண்ணீர் இராமலிங்கரை உருக்கியது. வீட்டிலேயே இருந்து படிக்க உடன்பட்டார். தமக்கென ஓர் அறையும் புத்தகங்களும் வேண்டினார்.

மாடியில் அவருக்கு அறை ஒதுக்கப்பட்டது. அங்கு ஒரு கண்ணாடியைச் சுவரில் பொருத்தினார்; அதன்முன் விளக்கேற்றி வைத்தார்; மாலை சூட்டி அமர்ந்தார். கண்ணாடியில் எதிரொளிக்கும் சுடரில் கருத்தை ஒன்றச் செய்து தம்மை மறந்திருந்தார். அவ்வறையில் அவருக்குத் தணிகை முருகனின் காட்சி கிடைத்தது என அவர்தம் வரலாறு கூறும்.

இவ்விளமைப் பருவத்தில் இரண்டு அனுபவங்கள் அவருள் ஒருங்கே பதிந்தன. ஒன்று, பிறர் அறியாமல் உண்ணும் நிலையில் ஒருவர் அடையும் துயரமும், அந்நிலையில் சோறிடும் கையின் அருமையும். மற்றொன்று, விளக்கொளியில் கிட்டும் உள்ள அமைதி. வடலூரில் அவர் பின்னர் எழுப்பிய இரு நிறுவனங்களுக்கும் வித்து இவ்வீட்டிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

சொல்லும் எழுத்தும்

சோமு செட்டியார் என்பவர் இல்லத்தில் சபாபதி தொடர்ச்சியாகப் பெரியபுராணச் சொற்பொழிவு நிகழ்த்தி வந்தார். ஒருநாள் உடல் நலம் குன்றியமையால், சில பாடல்களைப் பாடித் தாம் வர இயலாமையைத் தெரிவித்து வருமாறு தம்பியை அனுப்பினார். சென்ற இளைஞர் திருஞானசம்பந்தர் வரலாற்றை நள்ளிரவு வரை விரித்துரைத்தார். கேட்டோர் வியந்தனர்; இனி அவரே தொடர்ந்து பேச வேண்டும் என விரும்பினர். செய்தியறிந்த தமையனார், மறைந்து நின்று தம்பியின் உரையைக் கேட்டு மனம் நெகிழ்ந்தார். பள்ளிப் பாடத்தில் நாட்டம் கொள்ளாத இளைஞருள் எத்துணைப் புலமை மறைந்திருந்தது என்பதை அன்று அவர் உணர்ந்தார்.

தாயும் உறவினரும் வற்புறுத்தியதால் தமக்கை மகளாகிய தனக்கோடியை இராமலிங்கர் மணந்தார். எனினும் அவர் உள்ளம் இல்லற வாழ்வில் ஈடுபடவில்லை. நாள்தோறும் திருவொற்றியூர் சென்று வழிபட்டார். பாடல்கள் பல இயற்றினார். ஒழிவிலொடுக்கம் என்னும் பழைய நூலை 1851-இல் பதிப்பித்தார். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தண்டித்த சோழனின் வரலாற்றை மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலாக 1854-இல் வெளியிட்டார். ஓர் ஆவின் துயரையும் அரசன் தன் துயராகக் கொண்ட கதையை அவர் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. எவ்வுயிரையும் தம்முயிர்போல் எண்ணும் கொள்கை அந்நூலிலேயே அரும்பி நிற்கிறது.

தம் பாடல்கள் அச்சேறுவதை அவர் நெடுங்காலம் விரும்பவில்லை. அன்பராகிய இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளை மட்டுமே உண்பதென உறுதி பூண்டார். ஒருவர் தம்பொருட்டுப் பசித்திருத்தலை இராமலிங்கரால் பொறுக்க இயலவில்லை. பாடல்களைத் தொகுக்க உடன்பட்டார். அவருடைய மாணவரான தொழுவூர் வேலாயுத முதலியார் அவற்றைத் திருமுறைகளாக வகுத்தார். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் வெளிவந்தன. திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் பெயரை நூலின் முகப்பில் இட்டவரும் அம்மாணவரே. பிரகாசம் என்பது ஒளி. வள்ளல் என்பது வரையாது கொடுப்பவர். ஒளியும் ஈகையும் ஒரே பெயருள் இணைந்தன. அப்பெயரைத் தமக்கு இட்டமைக்காக அடிகளார் தம் மாணவரைக் கடிந்துகொண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கருங்குழியில் எரிந்த விளக்கு

1858-ஆம் ஆண்டு இராமலிங்கர் சென்னையை நீங்கினார். தில்லையை வழிபட்டபின், வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அச்சிற்றூரே அவர் உறைவிடமாயிற்று. இரவு முழுவதும் விளக்கின்முன் அமர்ந்து எழுதுவது அவர் வழக்கம். அதற்கென எண்ணெய் நிரம்பிய கலயம் ஒன்று அறையில் வைக்கப்பட்டிருக்கும்.

ஒருநாள் அக்கலயம் உடைந்துபோயிற்று. இல்லத்தரசியாகிய முத்தியாலம்மாள் புதுக்கலயம் ஒன்றைப் பழக்குவதற்காக அதில் நீரை நிரப்பி வைத்திருந்தார். எண்ணெய் வைக்க மறந்து வெளியூர் சென்றுவிட்டார். இரவில் எழுத்தில் ஆழ்ந்திருந்த அடிகளார், கலயத்தில் இருப்பது எண்ணெய் என்றே எண்ணி அகலில் வார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு விடியும்வரை எரிந்தது என மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். கருங்குழியில் அவ்வில்லம் இன்றும் நினைவிடமாகப் போற்றப்படுகிறது.

சிற்றூர் வாழ்க்கை அவருக்கு உழவர்களின் நிலையை அருகிலிருந்து காட்டியது. மழை பொய்த்தால் பயிர் கருகும். பயிர் கருகினால் குடும்பம் பட்டினி கிடக்கும். நீரின்றி வாடும் பயிரைக் கண்டும், பசியால் இளைத்து வீடுதோறும் இரப்போரைக் கண்டும் அவர் உள்ளம் துடித்ததைப் பாடல்களில் பதிவு செய்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தைப் பஞ்சங்கள் அடுத்தடுத்துத் தாக்கின. இறைவனைப் புகழ்ந்து பாடுவது மட்டும் போதுமா என்னும் வினா அவருள் எழுந்தது. அவ்வினாவுக்குச் செயலால் விடை காண முற்பட்டார்.

1865-ஆம் ஆண்டு சன்மார்க்க சங்கத்தைத் தோற்றுவித்தார். சாதி, சமயம், குலம் என்னும் வேறுபாடுகளைக் கடந்து எல்லா உயிரையும் உறவாகக் கருத வேண்டும் என்பது சங்கத்தின் அடிப்படை. இதனை ஆன்மநேய ஒருமைப்பாடு என அவர் வழங்கினார். அச்சங்கமே 1872-இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அடுப்பு முதலில்

கருங்குழிக்கு அருகே பார்வதிபுரம் என வழங்கிய வடலூரில், அவ்வூர் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அந்நிலத்தில் மண்சுவரும் கூரையும் கொண்ட எளிய கட்டடம் ஒன்று எழுந்தது. அதுவே சத்திய தருமச்சாலை. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் அடிகளார் அங்கு அடுப்பு மூட்டினார். சாதியோ சமயமோ ஊரோ பேரோ கேளாமல், பசியோடு வருவோர் அனைவர்க்கும் உணவு வழங்கப்பட்டது. பந்தியில் இவருக்கு இவ்விடம் என்னும் பாகுபாடு பெரிதும் நிலவிய காலம் அது. பசி என்னும் ஒன்றையே தகுதியாகக் கொண்டு எல்லாரையும் ஓரிடத்தில் அமர்த்தியது பெரும் சமூகப் புரட்சியாகும்.

சீவகாருணிய ஒழுக்கம் என்னும் தம் உரைநடை நூலில் இச்செயலுக்கான காரணத்தை அடிகளார் விளக்குகிறார். ஏழையின் அறிவை அவர் ஒரு விளக்காக உருவகம் செய்கிறார். பசியை அவ்விளக்கின்மேல் வீசும் நச்சுக் காற்றாகக் காட்டுகிறார். காற்றில் விளக்கு அவியும் வேளையில் உணவளித்து அதனை மீண்டும் எரியச் செய்வதே உயிரிரக்கம் என்பது அவர் கருத்து.

இவ்வுருவகம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. பசித்தவர்க்கு அறிவில்லை என்று அவர் கூறவில்லை. அறிவொளி ஒவ்வொருவரிடமும் முன்னரே உள்ளது. பசி அதனை அணைக்க முயல்கிறது. எனவே உணவிடுபவர் புதிதாக ஒளியைக் கொடுக்கும் பெரியவர் அல்லர். பிறர் உள்ளத்தில் எரியும் ஒளி அணையாமல் கைகளால் மறைத்துக் காப்பவர் மட்டுமே. கொடுப்போர் செருக்குறவும் பெறுவோர் நாணவும் இதில் இடமில்லை.

தருமச்சாலை வெறும் உணவுக் கூடமாக நின்றுவிடவில்லை. நோயுற்றோர்க்கு மூலிகை மருந்து வழங்கப்பட்டது. தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்பிக்கும் நோக்கில் சன்மார்க்க போதினி என்னும் கல்விச்சாலை தொடங்கப்பட்டது. கற்றோர் அவையில் மட்டும் பேசப்பட்ட திருக்குறள் எளிய மக்களுக்கும் வகுப்பாக நடத்தப்பட்டது. உணவு, மருந்து, கல்வி என்னும் மூன்றும் ஒரே நிலத்தில் இணைந்தன.

தருமச்சாலை தொடங்கிய ஒன்பது ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் எனப் பெயர்பெற்ற கொடும் பஞ்சம் தென்னிந்தியாவைச் சூறையாடியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அதற்குமுன்பே பசியைப் பெரும்பிணியாகக் கண்டு, அதனைத் தீர்க்க நிலையான அமைப்பு வேண்டும் என உணர்ந்து செயல்பட்ட அடிகளாரின் தொலைநோக்கு வியப்புக்குரியது. அன்று மூட்டிய அடுப்பின் நெருப்பு இன்றுவரை தொடர்ந்து பேணப்பட்டு, அணையா அடுப்பு எனப் பெயர் பெற்றுள்ளது.

ஏழு திரைகளும் ஒரு சுடரும்

அடுப்பு மூட்டி நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1871-இல் அடிகளார் சத்திய ஞானசபையை எழுப்பத் தொடங்கினார். எண்கோண வடிவில் அமைந்த அக்கட்டடத்தின் அமைப்பை அவரே வகுத்தார். 1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று, அங்கு முதல் சோதி வழிபாடு நிகழ்ந்தது.

ஞானசபையுள் உருவச் சிலை இல்லை. ஒரு விளக்கும் அதன்முன் ஒரு கண்ணாடியும் உள்ளன. அவற்றை ஏழு திரைகள் மறைக்கின்றன. கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு நிறம் என அவை வேறுபடும். ஒவ்வொரு திரையும் மனிதரின் உள்ளொளியை மறைக்கும் ஒவ்வொரு தடையைக் குறிக்கிறது. திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலக, இறுதியில் சுடர் தோன்றும். சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. வேண்டுவது திரையை விலக்குதல் ஒன்றே. மண்ணின் அடுக்குகளை அகற்றிய பின்னரே நெய்வேலியின் நிலக்கரி வெளிப்படுகிறது. அதுபோலத் தன்னலம், அறியாமை, வேற்றுமை எண்ணம் முதலிய மறைப்புகள் நீங்கினால் உள்ளிருக்கும் அருள் தானே வெளிப்படும் என்பது இவ்வமைப்பு உணர்த்தும் பாடம்.

ஏழுகிணற்று மாடி அறையில் ஓர் இளைஞர் தனியே ஏற்றிய விளக்கும் அவர் பொருத்திய கண்ணாடியும் இப்போது அனைவர்க்கும் உரிய பொதுச்சபையில் இடம்பெற்றன. தனி ஒருவரின் வழிபாடு ஊரின் வழிபாடாக விரிந்தது.

ஞானசபைக்கு அடிகளார் வகுத்த விதிகளும் அறியத்தக்கவை. உள்ளே வைக்கும் விளக்கு விலையுயர்ந்த உலோகத்தால் ஆகியதாக இருத்தல் வேண்டா. தகரக் கண்ணாடி விளக்கே போதும் என்றார். உள்ளே சென்று தூசு துடைக்கவும் விளக்கேற்றவும் பன்னிரண்டு வயதிற்கு உட்பட்ட சிறுவரோ, எழுபத்திரண்டு வயதிற்கு மேற்பட்ட முதியவரோ அமர்த்தப்பட வேண்டும் என்றார். செல்வமும் பதவியும் பிறப்பும் அங்கு தகுதிகளாகக் கொள்ளப்படவில்லை. ஆசை பெருகாத இளமையும் ஆசை அடங்கிய முதுமையுமே தகுதிகளாயின. உயிர்க்கொலையையும் புலால் உண்ணுதலையும் தவிர்த்தல் உள்ளே நுழைவோர்க்குரிய கட்டுப்பாடு ஆயிற்று. எளிய விளக்கும் தூய கையும் போதும் என்னும் இவ்விதி, எத்தகைய ஆடம்பரத்தையும் நாணச் செய்வதாகும்.

வெளியே வைக்கப்பட்ட விளக்கு

அடிகளாரின் பாதை எதிர்ப்பற்றதாக இருக்கவில்லை. அவர்தம் பாடல்களை அருட்பா என வழங்கலாமா என்னும் பூசல் எழுந்து, மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அதனினும் மிகுதியாக அவரை வருத்தியது வேறொன்று. உணவுக்கும் வியப்புகளுக்கும் கூடிய கூட்டம் பெரிது. அவர் கூறிய உயிர்நேயத்தை வாழ்வில் கைக்கொண்டோர் சிலரே. தாம் கொண்டுவந்த அரும்பொருளை ஏற்பார் இலரே என்னும் ஏக்கத்தை அவர் பல்கால் வெளிப்படுத்தினார். நம்பிக்கையைப் போதிப்போர்க்கும் மனச்சோர்வு நேரும் என்பதை அவர் வாழ்வு மறைக்காமல் காட்டுகிறது.

ஆயினும் அச்சோர்வில் அவர் விளக்கை அணைத்துவிடவில்லை. 1870 முதல் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் தங்கி, தம் உறைவிடத்திற்குச் சித்தி வளாகம் எனப் பெயரிட்டிருந்தார். 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அங்கு சன்மார்க்கக் கொடியை ஏற்றி நெடிய உரை ஒன்றை நிகழ்த்தினார். பேருபதேசம் என அவ்வுரை போற்றப்படுகிறது. அடுத்து வந்த கார்த்திகைத் திங்களில், தம் அறைக்குள் வைத்து வழிபட்டு வந்த விளக்கை எடுத்து வந்து வெளியே வைத்தார். அது தடையின்றி எரியவும், அன்பர்கள் அதன்முன் அமர்ந்து வழிபடவும் அறிவுறுத்தினார்.

தம் சொல் முழுமையாக ஏற்கப்படவில்லை என வருந்திய ஒருவர், தம்மிடமிருந்த ஒளியை உள்ளே பூட்டி வைக்காமல், பிறர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். ஏற்போர் இன்று குறைவாயினும் நாளை வருவர் என்னும் உறுதி இல்லாதவர் அவ்வாறு செய்ய இயலாது. 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் அவர் சித்தி வளாகத்தின் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் காணவில்லை. அவர் ஒளியுடன் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. 1878-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும் அவர் மறைவு குறிக்கப்பட்டுள்ளது. வெளியே அவர் வைத்த விளக்கு இன்றும் பேணப்படுகிறது.

ஒளியின் தொடர்ச்சி

காலம் மாறியது, அடிகளாரின் சிந்தனை மாறாமல் வெவ்வேறு வடிவம் பெற்றது. பசியோடு வரும் குழந்தையின் செவியில் பாடம் ஏறாது என்பதைத் தமிழகம் உணர்ந்தது. 1950-களில் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிவடைந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இவற்றின் பின்னணிகள் வேறு. நிருவாக முறைகள் வேறு. எனினும் கல்விக்குமுன் உணவு என்னும் அடிப்படை ஒன்றே. விளக்குக்கு முன்பே அடுப்பை மூட்டிய வடலூரின் வரிசையை அவற்றிலும் காணலாம்.

அடிகளாரின் பிறந்த நாளாகிய அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. தைப்பூசந்தோறும் வடலூரில் திரைகள் விலகச் சோதி காணப் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். அவர்கள் அனைவர்க்கும் தருமச்சாலையில் உணவு காத்திருக்கிறது.

நெய்வேலியின் அனல்மின் நிலையங்கள் இன்று பல மாநிலங்களுக்கு மின்னொளி வழங்குகின்றன. காடாம்புலியூரின் வீடுகளிலும் தெருக்களிலும் இரவில் விளக்குகள் எரிகின்றன. அவ்வொளியில் ஒரு மாணவர் பாடம் படிக்கிறார். அடுத்த தெருவில் மற்றொரு மாணவர் உண்ணாமல் உறங்கச் செல்லக்கூடும். மின்விளக்கு இருவர்க்கும் ஒரே அளவு வெளிச்சமே தரும். இருவர்க்கும் இடையிலான வேற்றுமையை அதனால் நீக்க இயலாது. அதனை நீக்கவல்லது மனிதரின் அருளொளி ஒன்றே.

பகிர்ந்துண்ணும் கைப்பிடிச் சோறு, பின்தங்கிய தோழர்க்குச் சொல்லித்தரும் ஒரு பாடம், தனித்து நிற்பவரை அருகில் அமர்த்திக்கொள்ளும் அன்பு ஆகியவை பெருஞ்செல்வம் வேண்டாத ஈகைகள். ஞானசபையின் தகர விளக்கைப்போல எளியவை. ஆனால் அவியும் நிலையிலுள்ள ஓர் உள்ளத்தை மீண்டும் எரியச் செய்யும் ஆற்றல் உடையவை. அவ்விளக்கை ஏற்றும் உரிமையைச் சிறுவர்க்கும் அளித்துச் சென்றார் வள்ளலார். அவ்வுரிமையை ஏற்றுக்கொள்வதே அவருக்குச் செய்யும் சிறந்த வழிபாடாகும்.

தெரிந்து தெளிவோம்

இராமலிங்க அடிகளார் இயற்றிய பாடல்களின் தொகுப்பு திருவருட்பா. இஃது ஆறு திருமுறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. மனுமுறை கண்ட வாசகம், சீவகாருணிய ஒழுக்கம் ஆகியன அவர் எழுதிய உரைநடை நூல்கள். ஒழிவிலொடுக்கம், தொண்டமண்டல சதகம், சின்மய தீபிகை ஆகியன அவர் பதிப்பித்த நூல்கள்.

கற்பவை கற்றபின்

1. தருமச்சாலையை முதலிலும் ஞானசபையைப் பின்னரும் வள்ளலார் நிறுவியதன் காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

2. பசியை நச்சுக் காற்றாகவும் அறிவை விளக்காகவும் உருவகம் செய்ததன் பொருத்தத்தை உம் சொற்களில் விளக்குக.

3. உம் ஊரில் பசி போக்கும் பணியிலோ கல்விப் பணியிலோ ஈடுபடும் அமைப்பு ஒன்றைக் கண்டறிந்து, அதன் செயல்பாடுகளை ஒரு பக்க அளவில் தொகுத்து எழுதுக.